வடக்குக் குழியில் மணி ஒன்றேகால்

ஓய்வு பெற்ற பிறகு ஆலைப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்றுதான் இருந்தேன். போன மாதம் போக வேண்டியதாயிற்று. பழைய கேபிள் எந்தப் பக்கமாகப் புதைந்து கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்போது அங்கே யாரும் இல்லை. நித்யா என்கிற இளம் இன்ஜினியர் போன் செய்து, "ஒரு நடை வந்து காட்டிட்டுப் போயிடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டாள். பெரம்பலூரில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன்.

வேலை முடிந்ததும் கணினி அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். குளுகுளுவென்ற அறை, வரிசையாகப் பெட்டிகள், பச்சையாகச் சிமிட்டும் விளக்குகள். நித்யாவும் கூட இருந்த பையன்களும் ஏதோ தட்டிக்கொண்டே பேசிக்கொண்டார்கள். சூளைக்கு ஒரு சர்வர், அரைவைக்கு ஒரு சர்வர், குழிக்கு ஒரு சர்வர். மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன. ஒன்றைத் தலைமையாக வைத்து மற்றவற்றை அதோடு சேர்க்க வேண்டும்.

"ரெண்டு மூணு நிமிஷந்தானே வித்தியாசம். சாப்புட்டு வந்து பாத்துக்கலாம்" என்றான் ஒரு பையன்.

என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். நித்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன சார், ஏன் இப்படித் தவிக்கிறீங்க?" என்றாள். அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. "எழுதித் தரேம்மா" என்றேன். இது அவளுக்காக எழுதியது.

என் அப்பா செந்துறைப் பக்கம் மானாவாரிக் காடுகளில் கூலி வேலை பார்த்தவர். நான் திருச்சியில் ஐ.டி.ஐ. படித்தேன், இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தேன், எழுபதுகளின் நடுவில் இந்த சிமெண்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். படித்ததையும் பயின்றதையும் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. அளவுக் கருவிகளைக் கழற்றுவேன், துடைப்பேன், மாட்டுவேன். அவ்வளவுதான் என் உலகம்.

அந்த நாட்களில் ஆலையில் ஆளுக்கொரு நேரம். டைம் ஆபீஸ் கடிகாரத்துக்கும் சூளைக் கடிகாரத்துக்கும் ஒத்து வராது. மூட்டை கட்டும் இடத்தில் இருந்ததோ தன் இஷ்டத்துக்கு ஓடும். ஷிப்ட் மாறும்போது தினமும் சண்டை. "உன் மணி யாருக்கய்யா வேணும், எங்க மணிக்கு நான் வந்தாச்சு" என்று கத்திக்கொள்வார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. குழிகளில் நடந்தது அப்படியில்லை.

சுண்ணாம்புக்கல் எடுக்க எங்களுக்கு இரண்டு குழிகள் இருந்தன, தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. நடுவே தோண்டிக் கொட்டிய மேல்மண் மலைபோல் நின்றதால் ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாது. அந்த மண்மேட்டை ஒட்டி ஊர் ரோடு போனது. வெடி வைப்பது மதியச் சாப்பாட்டு வேளையில். தெற்குக் குழி ஒரு மணிக்கு, வடக்குக் குழி ஒன்றேகாலுக்கு. இரண்டும் முடிந்த பிறகுதான் ஆட்கள் மறைவிடத்தை விட்டு வெளியே வரலாம், ரோட்டையும் திறக்கலாம். கையால் சுற்றும் சங்கு இரண்டு குழியிலும் இருந்தது. ஆனால் காற்று எதிர்த்திசையில் அடித்தால் ஒரு குழிச் சங்கு மற்றொரு குழிக்குக் கேட்காது. ஆகவே எல்லோரும் கடிகாரத்தைத்தான் நம்பினார்கள். அதுவோ குழிக்கு ஒன்றாக இருந்தது.

ஒரு நாள் வடக்குக் குழி வெடி முடிந்திருக்கும் என்று தெற்கு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அது முடிந்திருக்கவில்லை. பறந்து வந்த கல் ஒன்று துளைபோடும் ஒருவரின் தோள்பட்டையை நொறுக்கியது. அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. விசாரணையில் இரண்டு குழிக்காரர்களும் தங்கள் மணிதான் சரி என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகுதான் எல்லாக் கடிகாரங்களையும் ஒரே கயிற்றில் கட்டும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. பிரிவின் தலைவர் சந்தானம் சார், கும்பகோணத்துக்காரர். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. சாப்பிடுவதுகூட நின்றபடியேதான். பேசும்போது சட்டைப் பையிலிருக்கும் ஸ்குரூ டிரைவரைத் திருகிக்கொண்டே இருப்பார். கூட்டுகிறவர்களைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார், குரலை உயர்த்த மாட்டார். ஆனால் யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "பார்த்ததா, கேட்டதா?"

"சார், நாலாம் நம்பர் மீட்டர் வேலை செய்யலீங்க" என்போம்.

"பார்த்ததா, கேட்டதா?"

கேட்டது என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு நாங்களே ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

டைம் ஆபீசில் ஒரு மாஸ்டர் கடிகாரத்தை நிறுத்தினோம். ஆள் உயர மரப்பெட்டி, உள்ளே ஊசல். நிமிடத்துக்கு ஒரு தரம் அது கம்பி வழியாக ஒரு சின்ன கரண்ட்டை அனுப்பும். பல்ஸ் என்போம். மற்ற இடங்களில் மாட்டியவை கிளைக் கடிகாரங்கள். அவற்றுக்குத் தாமாக ஓடத் தெரியாது. ஒரு பல்ஸ் வந்தால் முள் ஒரு நிமிடம் நகரும், வராவிட்டால் நின்றுகொண்டிருக்கும். கண்ட கண்ட கரண்ட் வந்து முள்ளைத் தள்ளிவிடக் கூடாதென்று அதில் ஓர் ஏற்பாடு உண்டு. கரண்ட் இந்த நிமிடம் ஒரு திசையில் போனால் அடுத்த நிமிடம் எதிர்த்திசையில் போகும். திசை மாறினால்தான் முள் நகரும்.

தினமும் காலை ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' ஒலிக்கு சந்தானம் சார் மாஸ்டரைச் சரிபார்ப்பார். கதவைத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கடைசி 'பீப்' விழுந்ததும்தான் மூச்சு விடுவார். அதன் பிறகு நான் என் கைக்கடிகாரத்தை அதோடு ஒத்து வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பி, ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் வாரமே ஒரு தலைவலி. மூட்டை கட்டும் இடத்துக் கடிகாரம் எப்போதும் ஒரு நிமிடம் பின்தங்கியது. சரியாகத் திருப்பி வைத்தால் அடுத்த நாள் மறுபடியும் அதே ஒரு நிமிடம். கழற்றினேன், எண்ணெய் போட்டேன், மாட்டினேன். எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் பார்த்தால் இரண்டு ஒயரையும் மாற்றி முடுக்கியிருந்தேன். அது முதல் பல்ஸை ஏற்காமல் இரண்டாவதுக்காகக் காத்திருந்திருக்கிறது. ஒயரை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. சந்தானம் சார் திட்டவில்லை. "அப்ப மத்த கடிகாரம் எல்லாத்தையும் இன்னொரு தடவை திறந்து பார்த்துடுங்க ராசேந்திரன்" என்றார். பார்த்தேன்.

குழிகளுக்குத் தனிக் கம்பம் நட்டு லைன் இழுக்கச் செலவு அதிகம். ஏற்கெனவே போன் கம்பங்கள் இருந்தன. அவற்றிலேயே போன் கம்பிக்குக் கீழே கடிகாரக் கம்பியையும் இழுப்பதென்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

லைன் வந்த அன்று சந்தானம் சார் ஓர் உத்தரவு போட்டார். குழியில் யாரும் சொந்தக் கைக்கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யக் கூடாது. கழற்றி ஆபீஸ் மேஜைக்குள் வைத்துவிட வேண்டும். இனி எல்லோருக்கும் சுவர்க் கடிகாரம்தான் மணி.

வடக்குக் குழியின் வெடி மேட், அதாவது வெடி வைக்கும் பொறுப்பில் இருந்தவர், காதர் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வளைகுடாவில். "நீ மட்டும் ஏன் பாய் இங்க கல்லு ஒடைச்சுக்கிட்டு கெடக்குறே?" என்று கேட்டால், "அங்க மணலு, இங்க கல்லு. எனக்குக் கல்லுதான் சரிப்படும்" என்பார். தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த தங்க நிறக் கடிகாரத்தைக் கையில் கட்டியிருப்பார். உத்தரவைக் கேட்டதும் கழற்றி மேஜைக்குள் வைத்தார். மணிக்கட்டில் வெளுத்த வட்டம் ரொம்ப நாளைக்கு இருந்தது.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு கோடை.

அன்று காலையிலிருந்தே புழுக்கம். நான் தெற்குக் குழி ஆபீசில் கிளைக் கடிகாரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையிலும் சுவரிலும் ஒரே நேரம், பன்னிரண்டரை ஆகப் போகிறது. மேற்கே வானம் கருத்துத் தரையோடு இறங்கிவிட்டிருந்தது. காற்று எழுந்து, குழிக்குள்ளிருந்து வெள்ளைப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. வெயில் போய்விட்டதால் நிழலைப் பார்த்து உச்சிவேளையா, சாய்ந்ததா என்று சொல்லவும் வழியில்லை.

ஆபீசில் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. மறுபடியும் இரண்டு தரம். கைப்பிடியைச் சுற்றி மணியடிக்க வைக்கிற பழைய போன் அது. ஆலை, தெற்கு, வடக்கு மூன்றுக்கும் ஒரே கம்பி. இரண்டு மணி அடித்தால் வடக்குக்கு, மூன்று அடித்தால் எங்களுக்கு. ஆகவே நான் எடுக்கவில்லை. ஆனால் அது விடாமல் இரண்டு, இரண்டு என்று அடித்துக்கொண்டே இருந்தது. வடக்கில் ஒருவரும் எடுக்கவில்லை.

வாசலில் செல்லம்மா நின்றிருந்தாள். ரோட்டுக்குச் சிவப்புக் கொடி பிடிப்பது அவள் வேலை. காண்டிராக்ட் கூலி. தெற்குச் சங்கு ஊதினால் கொடியைத் தூக்கி ரோட்டை மறிப்பாள், எல்லாம் முடிந்த சங்கு ஊதினால் இறக்குவாள். அவள் தலையைச் சாய்த்துக் காற்றில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வடக்க சங்கு ஊதுறாப்புல இருக்கு."

"இப்ப எதுக்கு ஊதுறாங்க? தெற்க ஊதுனதுக்கு அப்பறந்தான அது?"

"அதான் கேக்குறேன். நம்ம மணி இன்னும் ஆவலியே?"

வெளியே வந்து கேட்டேன். காற்று மாறி வீசியதில் இழை போல ஒரு ஒலி வந்தது. சங்கேதான். வெடிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஊதுகிற சங்கு. உள்ளே ஓடிப் போனை எடுத்தேன். மறுமுனையில் சந்தானம் சார்.

"வடக்கா?"

"தெற்கு சார், ராசேந்திரன். வடக்க யாரும் எடுக்க மாட்டாங்க சார். சங்கு ஊதிட்டாங்க. மறைவுக்குப் போயிருப்பாங்க."

"சங்கு ஊதிட்டாங்களா? பார்த்ததா, கேட்டதா?"

"என் காதால கேட்டேன் சார்."

"மழை வருது, இடி வர்றதுக்குள்ள துளையில வெடிமருந்து ஏத்தாம நிறுத்தி வைங்கன்னு சொல்லத்தான் காலையிலேருந்து சுத்திக்கிட்டிருக்கேன். இப்பவே சங்குன்னா அங்க மணி முன்னால போயிருக்கு. ரோட்டை அடைங்க. நான் ஜீப்ல வரேன்."

போனை வைத்ததும் பன்னிரண்டரை பஸ் நினைவுக்கு வந்தது. செந்துறையிலிருந்து அரியலூர் போகும் அந்த பஸ்ஸில்தான் குழி ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண்கள் வருவார்கள். மண்மேட்டு வளைவில், வடக்குக் குழியின் வாய்க்கு நேராக இறங்குவார்கள்.

"செல்லம்மா, பஸ்ஸை நிறுத்து!"

நான் சொல்லி முடிக்குமுன் அவள் ஓடத் தொடங்கியிருந்தாள். புழுதிக்குள் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது. அவள் ரோட்டின் நடுவில் போய்க் கொடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, தெனமும் போற நேரந்தான? நகரு, மழை வருது!"

"போவக் கூடாது."

"சங்கு ஊதலியே இன்னும்?"

"போவணும்னா எம்மேல ஏத்திட்டுப் போங்க" என்றாள் செல்லம்மா.

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. தெற்குக் குழியில் வெடிக்குப் பொறுப்பானவரிடம் ஆட்களை மறைவுக்கு விரட்டச் சொல்லிவிட்டு, சங்கின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினேன். விட்டு விட்டு ஊதினால் எச்சரிக்கை, விடாமல் ஊதினால் ஆபத்து, நிறுத்து என்று அர்த்தம். தோள் எரிந்தது. வடக்கே கேட்கிறதா இல்லையா என்று தெரியாது. காற்று ஒரு கணம் அங்கே போகிறது, அடுத்த கணம் என் முகத்திலேயே திரும்பி அடிக்கிறது. நிறுத்தினால் யாராவது சாவார்கள் என்று மட்டும் மனதில் ஓடிற்று. சுற்றினேன்.

வடக்குக் குழியில் அந்த நேரம் நடந்ததைக் காதர் பாய் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். சுவர்க் கடிகாரப்படி சங்கு ஊதி, ஆட்களை அனுப்பிவிட்டு, அவரும் இரண்டு உதவியாட்களும் மறைவிடத்தில் இருந்திருக்கிறார்கள். மேற்கே இடி உருண்டது. "தெற்க வெடிச்சுட்டாங்க பாய்" என்றார் ஓர் ஆள். பாய் வெடிப்பெட்டியில் கைப்பிடியைச் செருகினார். அதை அமுக்கி ஒரு திருகு திருகினால் அத்தனை துளையும் வெடிக்கும். அப்போதுதான் காற்றில் தெற்குச் சங்கு வந்தது, விடாமல்.

"தெற்க வெடிச்சிருந்தா இது ஏன் இப்படிக் கத்துது?" என்றாராம் பாய்.

"பாய், மின்னலு வருது. இப்பவே தட்டிரலாம். மருந்து ஏத்துன துளைய வச்சுக்கிட்டு நின்னா நாமளே போயிருவோம்" என்று மற்றவர் கெஞ்சியிருக்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மின்னல் நேரத்தில் அந்த ஒயருக்குப் பக்கத்தில் நிற்பது நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.

பாய் கைப்பிடியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, அதில் வேறு கரண்ட் ஏறாமலிருக்க இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினார். ஆட்களை இன்னும் பின்னால் ஓடச் சொல்லிவிட்டுக் கடைசியாக அவரும் ஓடினார்.

மின்னல் விழுந்ததை நான் பார்த்தேன். மண்மேட்டுக்குப் பின்னால் வானம் வெள்ளையாகக் கிழிந்தது, கூடவே தரை எழும்பியது. ஒருவரும் அழுத்தாத வெடி, மின்னலே அதை வெடித்துவிட்டது. வளைவு ரோட்டில் கற்கள் மழைபோல விழுந்தன. பஸ் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. தெறித்து வந்த ஒரே ஒரு கல் அதன் பின்கண்ணாடியை உடைத்து, ஓர் அம்மாவின் நெற்றியைக் கீறியது. கூடையிலிருந்த சோறு எல்லாம் கண்ணாடித் தூள். உயிர் யாருக்கும் போகவில்லை.

செல்லம்மா ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடியை அவள் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

ஜீப்பில் வந்த சந்தானம் சாரும் நானும் நேராக வடக்கு ஆபீசுக்குப் போனோம். ஒரு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. சுவரில் மணி ஒன்றேகாலைத் தாண்டியிருந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு இந்தத் தவிப்பு மிஞ்சியிருக்காது. பஸ் கண்ணாடி உடைந்ததால் விஷயம் வெளியே போய்விட்டது, விசாரணைக்கு வெளியிலிருந்து அதிகாரிகள் வருவதாகச் செய்தி வந்தது. சுரங்க மேனேஜருக்குச் சீக்கிரமாக ஒரு பதில் வேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டுப் போக அவசரப்பட்டு வெடி மேட் அழுத்திவிட்டார், பிறகு தப்பித்துக்கொள்ளக் கடிகார முள்ளைக் கையால் தள்ளி வைத்துவிட்டார் என்று அவர் முடிவு கட்டினார். "இவர் அழுத்தப்போற நேரம் பார்த்து மின்னல் வந்துச்சாக்கும்?" என்று கேட்டார். காதர் பாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெடி உரிமமும் போகும் என்றார்கள்.

பாயைத் தேடி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், ஒரு கையெழுத்தில் போய்விடலாம். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"போறீங்களா பாய்?"

"இப்பப் போனா, ஊரு என்ன சொல்லும் ராசு? பாய் அமுக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லும். அல்லா அறிய நான் அமுக்கல. முள்ளையும் தொடல. அத மொதல்ல அவங்க வாயால சொல்லட்டும். அப்பறம் போறதா வாறதான்னு பாப்போம்."

ஆலைக்குத் திரும்பி சந்தானம் சாரிடம் சொன்னேன். அவர் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். எங்கள் இருவருக்குமே புரிந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தோம். பாய் முள்ளைத் தள்ளவில்லை என்றால் எங்கள் லைன்தான் தள்ளியிருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றுவது என்றால் நாங்கள் கட்டியதே ஆளைக் கொல்லப் பார்த்தது என்று நாங்களே நிரூபிக்க வேண்டும்.

"நம்ம தப்புன்னு ஆனா ஆகட்டும்" என்றார். "தெரியாமப் போச்சுன்னா நாளைக்கு மறுபடியும் நடக்கும்."

மாஸ்டரைத் திறந்தோம், சரியாக இருந்தது. வடக்குக் கடிகாரத்தைத் திறந்தோம், அதுவும் ஒழுங்காகத்தான் நகர்ந்தது. மின்னல்தான் தள்ளியது என்று சொல்லிவிடலாமா என்றால், மின்னல் வருவதற்கு முன்பே மணி முன்னால் போயிருந்தது. லைன் நெடுகிலும் நடந்தோம். கம்பிகள் விலகி ஒழுங்காகத் தொங்கின. சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுச் சுவர்க் கடிகாரம் டிக் என்றாலே திரும்பிப் பார்த்தேன். மனைவி அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துத் துணியைப் போட்டு மூடினாள்.

மறுபடியும் ஒரு நாள் தனியாக லைனோடு நடந்தேன். மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் லேசாகச் சாய்ந்திருந்தது. புதிதாகக் கொட்டிய மண் அதன் காலைத் தள்ளியிருந்தது. அங்கே கம்பி மற்ற இடங்களைவிடத் தாழ்ந்து தொய்ந்தது. அண்ணாந்து பார்த்தபோது, போன் கம்பியில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு போய்ச் செம்பு பளபளத்தது. நேர் கீழே, வடக்குக்கு மட்டும் போகும் கடிகாரக் கம்பியிலும் அதே பளபளப்பு. காற்றில் இரண்டும் உரசியிருக்கின்றன.

ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தானம் சார் நடப்பதை நிறுத்தினார்.

"போன்ல கைப்பிடியைச் சுத்தினா போற கரண்ட் எப்படிப்பட்டது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "ஒரு சுத்துக்குள்ள எத்தனையோ தடவை திசை மாறும். திசை மாறினா முள் நகரும். கம்பி உரசுறப்ப வடக்குல மணி அடிக்காம அந்தக் கரண்ட் முள்ளுக்குப் போயிருக்கு." கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் மேஜையில் விழுந்தது. "நாந்தான் ராசேந்திரன் தள்ளியிருக்கேன். காலையிலேருந்து வடக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு. நிறுத்தச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

விசாரணை அதிகாரிகள் வந்த அன்று சந்தானம் சார் வடக்கு ஆபீசில் எல்லோரையும் கூட்டினார். கதவைப் பூட்டிய கடிகாரத்துக்கு எதிரே மேனேஜர், அதிகாரிகள், வரவழைக்கப்பட்ட காதர் பாய். கம்பத்தடியில் மூங்கிலோடு ஓர் ஆள், தொய்ந்த கம்பியைக் காற்று தள்ளுவதுபோலத் தள்ளிப் பிடிக்க. நான் தெற்கில் போனருகே.

மேனேஜர் ஆரம்பத்திலேயே சலித்துக்கொண்டாராம். "பாய் கைய வச்சுத் தள்ளினதாத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"பார்த்ததா சார், கேட்டதா?" என்றிருக்கிறார் சந்தானம் சார்.

குறித்த நேரத்தில் நான் கைப்பிடியைச் சுற்றினேன், இரண்டு மணி. நிறுத்தினேன். மறுபடியும் இரண்டு மணி. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு போனில் சந்தானம் சாரின் குரல் வந்தது. மெதுவான குரல்.

"போதும் ராசேந்திரன். நகருது. எல்லாரும் பார்த்துட்டாங்க."

அவருக்குப் பின்னால் காதர் பாயின் குரல் கேட்டது. "யா அல்லா, யாரு தொட்டா இப்ப?" என்று அவர் சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் சந்தானம் சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. லைன் போட்டவர் என்ற பெயர் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த வருடம் வேறு ஆலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன் கடிகார லைனைத் தனிக் கம்பங்களுக்கு மாற்றி, குழிக்குக் குழி போனில் மணியைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டார்.

காதர் பாயை மேனேஜரே கூப்பிட்டு, "நாளைலேருந்து வாங்க பாய்" என்றார். பாய் நின்றபடியே கேட்டார். "நான் வரேன். பஸ்ஸ நிறுத்துன அந்தப் பொம்பளைய நெரந்தரம் பண்ணுவீங்களா?"

"அது காண்டிராக்ட் ஆளு பாய். அதெல்லாம் ஆபீஸ் விஷயம்."

"அன்னிக்கு அந்த பஸ்ஸு வளைவுக்குப் போயிருந்தா அது ஆபீஸ் விஷயமா இருந்திருக்காதுல்ல."

செல்லம்மாவுக்கு நிரந்தர வேலை கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. அதற்காகப் பாய் எத்தனை தரம் அந்த ஆபீஸ் படியேறினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளைத்தான் நான் மறப்பதில்லை.

அன்று வடக்குக் குழியில் அவரோடு நானும் இருந்தேன். புதிய லைன், புதிய கம்பம், என் கைக்கடிகாரம், சுவர்க் கடிகாரம், போனில் தெற்கு சொன்ன மணி எல்லாம் ஒன்றுதான். தெற்கு வெடியும் காதால் கேட்டாயிற்று. அப்படியும் ஒவ்வொன்றையும் மறுபடி ஒரு தரம் பார்த்தேன். பாய் கைப்பிடியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார், பெட்டியில் செருகவில்லை.

"மணி ஆயிடுச்சு பாய்" என்றேன்.

அவர் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மேட்டு மேல ஒரு ஆள ஏத்து. செல்லம்மா ரோட்டுல நிக்கிதான்னு பாத்துச் சொல்லச் சொல்லு."

ஆளை ஏற்றினேன். மேலிருந்து குரல் வந்தது. "நிக்கிது பாய்! கொடியத் தூக்கிப் புடிச்சிருக்கு!"

பாய் பிஸ்மில்லா சொல்லிக் கைப்பிடியைச் செருகித் திருகினார்.